நெய்க்குக் கணக்கில்லை

ஜனவரி 19, ஞாயிறு

வாய்க்குள் போவதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் ஷர்மிளா மேடம். வெறும் சாப்பாட்டை மட்டும் எழுத நான் என்ன மெஸ்ஸா நடத்துகிறேன்? பேனாவை எடுத்தாயிற்று, எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் போகிறேன்.

நான் சென்னியப்பன். ஊத்துக்குளியில் வெண்ணெய், நெய் வியாபாரம். தாத்தா ஆரம்பித்த கடை. வயது நாற்பத்தேழு, எடை நூற்று இரண்டு. பார்ப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நல்ல உயரம், மறைத்துவிடும்.

விஷயம் என்னவென்றால், அக்கா தெய்வானைக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. மோரைத் தவிர வேறெதுவும் குடித்தறியாத பொம்பளைக்கு எப்படி இப்படி என்று டாக்டரிடம் சண்டைக்கே போனேன். உடம்பு தன் ஈரலைத் தானே அரிக்கும் வியாதியாம். மாற்றினால்தான் பிழைப்பாள். அவள் கணவர், எங்கள் மாமாவுக்குச் சர்க்கரை, அவளுடைய மகனுக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை. எனக்கு ஒத்துவந்தது. ஒரு பெரிய துண்டை வெட்டிக் கொடுத்தாலும் மீதி வளர்ந்துவிடுமாம். கொடுக்கிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன்.

ஆனால் என் ஸ்கேனைப் பார்த்த பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "உங்க ஈரல்லயே கொழுப்பு ரொம்ப இருக்குங்க. இத எடுத்து வெச்சா அவங்களுக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆபத்து. உடம்பக் குறைச்சுட்டு வாங்க. மார்ச் கடைசிக்குள்ள வேணும். அதுக்கு மேல அவங்க தாங்கறது கஷ்டம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்தாள். "உனக்குக் கொழுப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்டா. இதுக்கு எதுக்கு ஸ்கேனு?"

சாகக் கிடக்கிறவள் பேசுகிற பேச்சா இது! டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

எனக்குப் பயமெல்லாம் ஒன்றும் இல்லை.


ஜனவரி 20, திங்கள்

ஜெகநாதன் வந்தான். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜர். அதைவிட முக்கியமாக, வாட்ஸப்பில் 'மாவுச்சத்து வேண்டாம்' என்ற குழுவுக்குத் தலைவன். நானூறு பேருக்குத் தினமும் காலையில் உபதேசம்.

"மாப்ள, உன்ற கவலைய எங்கிட்ட உடு. சோறு, இட்லி, சக்கரை, பழம், கெழங்கு, எல்லாத்தையும் நிறுத்து. முட்டை, கறி, மீனு, பனீரு, பாதாம் திங்கலாம். வெண்ணெ, நெய் எவ்வளவு வேணாலும்."

"எவ்வளவு வேணாலுமா?"

"நெய்க்குக் கணக்கே இல்ல. கலோரிங்கறதெல்லாம் அந்தக் காலத்துக் கதெ. மாவு உள்ள போகலீன்னா ஒடம்பு கொழுப்பத்தான் எரிக்கும். வேற வழியே இல்ல அதுக்கு."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஊத்துக்குளிக்காரனுக்கு என்றே எவனோ யோசித்துச் செய்த உணவு முறை இது. ஷர்மிளா மேடத்துக்குப் போன் போட்டேன். "சோறு, இட்லிய குறைக்கறது நல்லதுதாங்க. தாராளமா செய்யுங்க. ஆனா கொழுப்பையும் அளவா..." என்றார். அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது, வைத்துவிட்டேன்.

காலை: முட்டை மூன்று, வெண்ணெயில். மதியம்: நாட்டுக்கோழி, கீரை. பொழுதோட: பனீர் வறுவல், நெய்யில். வேறு எதுவும் இல்லை.


ஜனவரி 27, திங்கள்

மூன்றரைக் கிலோ குறைந்துவிட்டது! ஒரே வாரத்தில்!

கோகிலாவை இரண்டு தடவை தராசைப் பார்க்கச் சொன்னேன். என் மனைவிக்கு எதையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. "மொதல்ல தண்ணிதான் போகுமாமாங்க மாமா. நானும் படிச்சேன்" என்றாள். நல்ல வாய். ஜெகாவுக்குப் போட்டோ அனுப்பினேன், அவன் குழுவில் போட்டான், நானூறு பேரும் கை தட்டினார்கள். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"மூணரைக் கிலோவா? எந்தப் பக்கம்டா போச்சு? தேடிப் பாரு, கடையிலயே எங்காச்சும் வெச்சிருப்ப" என்றாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு. மாமா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

சந்தோஷமாக இருக்கிறது. சாயங்காலம் கடையில் பாட்டுப் பாடினேன் என்று கோகிலா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.


பிப்ரவரி 2, ஞாயிறு

பங்காளி வீட்டுக் கிடாவிருந்து. இலை போட்டதும் சோற்று வாளிக்காரனைக் கையால் மறித்தேன். "எனக்குக் கறி மட்டும்." அவனுக்குப் புரியவில்லை. "சோறு?" என்றான். "வேண்டாம்." "கொஞ்சூண்டு?" "வேண்டாம்ப்பா." ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொண்டான் போல. பாவம், கறி வாளியை என் இலையில் கவிழ்த்தே விட்டான்.

குழம்பு, வறுவல், குடல், ரத்தப் பொரியல், மேலே மிதந்த கொழுப்போடு. ஒரு பருக்கை சோறு இல்லை. இப்படி ஒரு கட்டுப்பாடு என்னிடம் இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கோகிலா பெண்கள் பந்தியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.


பிப்ரவரி 9, ஞாயிறு

எடை அப்படியே நிற்கிறது. தொண்ணூற்று எட்டரை. போன வாரமும் அதேதான்.

ஜெகாவிடம் கேட்டேன். "எடை நிக்குதுன்னா உனக்குக் கொழுப்புப் பத்தலைன்னு அர்த்தம் மாப்ள. பயந்து பயந்து திங்கறயாட்ட இருக்குது. காலையில டீயில ஒரு கரண்டி வெண்ணெ போட்டுக் குடி. பாதாம நெய்யில வறுத்து வெச்சுக்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. செய்துவிடலாம். இவனே இரண்டு வருடமாகத் தொண்ணூறிலேயே நிற்கிறானே என்று கோகிலா கேட்டாள். அவனுக்கு எலும்பு கனம், அது வேறு விஷயம்.


பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். சென்னிமலைக்குப் போகிற கூட்டமெல்லாம் நம் கடை வழியாகத்தான். பொழுது விடிவதற்குள் வெண்ணெய் வந்து குவிந்துவிட்டது. காங்கயம் பக்கம், குன்னத்தூர் பக்கம், எல்லா ஊர் வியாபாரிகளும்.

இதை ஒருக்கா எழுதி வைக்க வேண்டும். எங்கள் கடையில் மெஷின் கிடையாது. வெண்ணெய் வந்தால் நான் வழித்து நாக்கில் வைப்பேன். புளிப்பு எத்தனை, எருமையா பசுவா, எத்தனை நாள் பழசு, எல்லாம் நாக்கு சொல்லும். அண்டாவில் உருக்கும்போது பதம் பார்க்க ஒரு கரண்டி. இறக்கியதும் ஒரு கரண்டி. ஆறி மணல் மணலாக உறையும்போது ஒரு தரம். டின்னில் அடைக்குமுன் டின்னுக்கு ஒரு தரம். அப்பாவும் இப்படித்தான். காறல் நெய் ஒரு டின் இந்தக் கடையை விட்டு வெளியே போனதாக எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம்.

இன்று உட்கார நேரமில்லை. மதியம் சாப்பிடவே இல்லை. பொழுதோடவும் இரண்டு முட்டைதான். ஆச்சரியம் என்னவென்றால், துளிப் பசி இல்லை! நாள் முழுக்கப் பம்பரமாகச் சுற்றியும் தெம்பாகவே இருந்தேன். இதுதான் இந்த உணவு முறையின் மகிமை என்று குழுவில் எழுதிப் போட்டேன்.


பிப்ரவரி 17, திங்கள்

அரைக் கிலோ கூடியிருக்கிறது. வீட்டுத் தராசு சரியில்லை.


பிப்ரவரி 18, செவ்வாய்

கடைத் தராசில் ஏறிப் பார்த்தேன். முத்திரை போட்ட தராசு. நெய் டின்னை வைத்துச் சரிபார்த்துவிட்டு ஏறினேன். வீட்டுத் தராசு சரியாகத்தான் இருக்கிறது.


பிப்ரவரி 20, வியாழன்

அக்காவைப் பார்க்கப் பெருந்துறையில் அவள் வீட்டுக்குப் போனேன். கண்கள் மஞ்சளாக, வயிறு மட்டும் உப்பி, கை கால் குச்சியாக இருக்கிறாள். மாமா கஞ்சி கொண்டுவந்து வைத்தார். இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளினாள். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறதாம். கல்யாண வீட்டில் மூன்று பந்தி பரிமாறிவிட்டு நாலாவது பந்தியில் எல்லாரையும் விட அதிகம் சாப்பிடுகிறவள் இவள்.

"நீ எவ்வளவுடா கொறஞ்ச?"

"கொறஞ்சுட்டே இருக்குது அக்கா."

"மொகத்துல தெரியலயே."

"மொகத்துல கடைசியாத்தான் தெரியுமாமா."

கஞ்சிக் கிண்ணத்தை இன்னும் தள்ளி வைத்தாள். அப்புறம், "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லீரு சென்னி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன பேச்சு பேசுகிறாய் என்று சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கோகிலாவுக்கு பேங்க் விஷயங்களெல்லாம் காட்டிக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் பேப்பர் எங்கே இருக்கிறது, லாக்கர் சாவி எங்கே, எந்த வியாபாரியை நம்பலாம் என்றெல்லாம். சும்மாதான். வீட்டுப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருப்பது நல்லதுதானே.


பிப்ரவரி 24, திங்கள்

ஸ்கேன். ஈரலில் கொழுப்பு குறையவில்லை. துளி கூடியிருக்கிறதாம்.

பெரிய டாக்டர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "இன்னும் ஒரே ஒருக்கா மார்ச் கடைசியில பாக்கலாம். அதுலயும் இப்படியே இருந்தா, நாம வேற வழிதான் யோசிக்கணும்." வேறு வழி என்றால் யாரோ ஒருவர் செத்து, அவர் வீட்டார் மனமுவந்து கொடுத்து, அது அக்காவின் முறைக்கு வந்து, அதுவரை இவள் இருந்து.

ஷர்மிளா மேடத்திடம் போனோம். கோகிலாவும் கூட வந்தாள். நான் பொரிந்து தள்ளினேன். "ஒரு பருக்கை சோறு தொடலீங்க. ஒரு துளி சக்கரை இல்லீங்க. அப்புறம் எப்படீங்க?"

சின்னப் பெண்தான், ஆனால் நிதானமாகப் பேசினார். "மாவுச்சத்தைக் குறைக்கறது தப்பே இல்லீங்க சார். அப்படிச் சாப்பிட்டா நெறையப் பேருக்குப் பசி அடங்கும். தன்னால குறைச்சுச் சாப்பிடுவாங்க. அதனாலதான் எடை இறங்குது. மந்திரம் ஒண்ணும் இல்ல. ஆனா பசியே இல்லாம, மேல மேல நெய்யும் கொழுப்புமா உள்ள போனா, ஒடம்பு அதத்தானே எரிக்கும்? உங்க ஈரல்ல இருக்கறத எதுக்கு எடுக்கப் போகுது? கலோரி எங்கயும் ஓடிப் போகலீங்க சார். அது இருக்கத்தான் செய்யுது. மொத வாரம் எறங்குனது பெரும்பாலும் தண்ணி."

கோகிலா என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அடக்கத்தை நான் மறக்க மாட்டேன்.

மேடம் நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தார். புருவம் சுருங்கியது. "இதுல இருக்கற அளவுதான்னா இவ்வளவு நாள்ல நல்லா இறங்கியிருக்கணும். வேற எதாச்சும் சாப்பிடறீங்களா?"

"வேற எதுவும் இல்லீங்க."

சத்தியமாகத்தான் சொன்னேன்.


பிப்ரவரி 26, புதன்

இன்று கோகிலா கடைக்கு வந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மடியில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டாள். வீட்டில் நான் காப்பி குடிக்கிற பெரிய டம்ளர்.

எனக்கு வேலை. வெண்ணெய் வந்தது, வழித்துப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து அதே அளவு வழித்து டம்ளரில் போட்டாள். நான் அண்டாவில் ஒரு கரண்டி பதம் பார்த்தேன். அவளும் ஒரு கரண்டி டம்ளரில் ஊற்றினாள்.

"என்ன கோகிலா?"

"நீங்க வேலையப் பாருங்க மாமா."

அண்டாவுக்கு முன்னால் நிற்கும் பாப்பாத்தி அக்காவுக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சலாக இருந்தாலும் வேலை ஓடியது. நான் நாக்கில் வைத்தபோதெல்லாம் அவள் டம்ளரில் வைத்தாள். காங்கயத்துக்காரர் ஒருவர், "ஏனுங்க அம்மிணி, வீட்டுக்கு நெய்யுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, இவருக்குத்தான்" என்றாள்.

சாயங்காலம் கடை சாத்தும்போது டம்ளரை என் முன்னால் கல்லா மேல் வைத்தாள். விளிம்பு வரை நின்றது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நெய்யை எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் நெய் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்று தெரியும். ஒரு ஆள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் மூன்று வேளைச் சாப்பாடும் அந்த டம்ளருக்குள் இருந்தது. அதற்கு மேல்தான் முட்டை, கறி, பனீர், வெண்ணெய் டீ எல்லாம்.

"இது சாப்பாடு இல்லியே கோகிலா. இது வேலை."

"ஈரலுக்குத் தெரியுமாங்க இது வேலைன்னு?"

அவள் விடவில்லை. "அளவு தெரியாத ஆளா நீங்க? டின்னக் கையில தூக்குனாலே நூறு கிராம் கொறையுதும்பீங்க. உங்க வாய்க்குள்ள போறது மட்டும் எப்படீங்க மாமா தெரியாமப் போச்சு?" குரல் தழைந்துவிட்டது. "கொழுப்புக் கொறையலீன்னா ஆப்பரேசன் இல்ல. அதுதானே? பயமா இருந்தாப் பயமா இருக்குதுன்னு எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

ஷட்டரை இழுத்துச் சாத்தினேன்.


பிப்ரவரி 27, வியாழன்

கோகிலா சொன்னது பொய்.


பிப்ரவரி 28, வெள்ளி

பொய் இல்லை.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். இரண்டாம் வகுப்பில் தடுப்பூசி போட வந்தபோது பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்து ஓடியவன் நான். என் வயிற்றைக் கீறி உள்ளே கையை விடுவார்கள் என்று நினைத்தாலே கண் இப்போதும் சுவரைத்தான் தேடுகிறது. கண்ணை மூடி மறுபடி திறக்காமல் போய்விட்டால்? கோகிலா தனியாக நின்றால்? அக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற அதே மனசு, ஸ்கேனில் கொழுப்பு இருக்கிறது என்றதும் ஒரு மூச்சு நிம்மதியாக விட்டது. விட்டதா இல்லையா? விட்டது.

வேண்டுமென்றே தின்றேனா? இல்லை. ஆனால் நாக்கில் வைக்கும்போதெல்லாம் மனசு ஆறியது. அது மட்டும் நிஜம்.

காலையில் கோகிலாவிடம் சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அப்புறம் அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்குது. ரெண்டு பேரும் சேந்து பயந்துக்கலாம் மாமா. ஆனா கொடுத்துரலாம்" என்றாள். இவளைக் கட்டிக்கொடுத்த மாமனாருக்குக் கோயில் கட்டலாம். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தராசில் ஏறிப் பார்த்தேன், அதில் ஒன்றும் மாற்றம் இல்லை.


மார்ச் 3, திங்கள்

மேடம் அளவு எழுதிக் கொடுத்துவிட்டார். சோறு இல்லை, அது அப்படியே இருக்கட்டும் என்றார். முட்டை, மீன், கோழி, நிறையக் காய், கீரை, மோர். எல்லாம் கிண்ணத்தில் அளந்து. நெய் நாளைக்கு இரண்டு டீஸ்பூன், அவ்வளவுதான். நெய் வியாபாரிக்கு இரண்டு டீஸ்பூன்!

"கடையில பதம் பாக்கறத என்ன செய்யறதுங்க?" என்று கேட்டேன். "பாருங்க. பாத்துட்டுத் துப்பிருங்க சார். தேயிலை பாக்கறவங்க அப்படித்தான் செய்வாங்க" என்றார், வெகு சாதாரணமாக.

நெய்யைத் துப்புவதா? அது லட்சுமி. எங்கள் பரம்பரையில் எவனும் நெய்யைத் துப்பியது கிடையாது. கீழே சிந்தினால்கூட விரலால் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொள்கிற குடும்பம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பொழுதோட அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளர், பயம், துப்புகிற கதை எல்லாம். நடுவில் எதுவும் பேசவில்லை அவள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தால், அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

"என்ற தம்பி நெய்யத் துப்பறத நான் பாக்கோணும்டா. அதுக்காகவாச்சும் உசுரோட இருக்கேன். லட்சுமி எங்கிட்டக் கேட்டா நான் சொல்லிக்கறேன். துப்புடா!"


மார்ச் 4, செவ்வாய்

துப்பினேன்.

கடைக்குப் பின்னால் வாழை மரத்தடியில் நின்று, முதலில் சுற்றிலும் பார்த்து, அப்பா படம் இருக்கிற சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முதல் வாய் தொண்டையைத் தாண்டிப் போய்விட்டது, பழக்கம். இரண்டாவதும் போய்விட்டது. மூன்றாவது கரண்டிக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டு துப்பிவிட்டேன். வெந்நீரில் கொப்பளித்தேன். வானம் இடிந்து விழவில்லை. பாப்பாத்தி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாக்கு பதத்தைச் சரியாகவே சொன்னது. விழுங்கினால்தான் தெரியும் என்று இத்தனை காலம் நானாக நினைத்துக்கொண்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பசியில் பிராணன் போகிறது! பசி என்றால் இப்படியா இருக்கும்? மறந்தே போயிருந்தேன். இந்த உணவில் பசிக்காது என்று குழுவில் எழுதியவன் எவன்? நான்தான்.


மார்ச் 10, திங்கள்

இரண்டு கிலோ இறங்கியது. பசியும் நாலு நாளில் வழிக்கு வந்துவிட்டது. மீனும் கீரையும் வயிற்றில் நின்று பேசுகின்றன, மேடம் சொன்னது சரிதான்.

வாழை மரம் வேறு செழித்து நிற்கிறது. ஈ எறும்பெல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.


மார்ச் 16, ஞாயிறு

ஜெகாவிடம் நேரில் சொன்னேன். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டான். கையில் வறுத்த பாதாம் பொட்டலம். பேசப் பேச அவன் கை பொட்டலத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தேன். அவனும் பார்த்தான். பொட்டலம் காலி.

"இது... கணக்குல வருமா மாப்ள?"

"ஒடம்புக்கு நீ குழுத் தலைவன்னு தெரியாதாமா ஜெகா."

இரண்டு பேரும் பெஞ்சு ஆடுகிற அளவுக்குச் சிரித்தோம். போகும்போது ஷர்மிளா மேடத்தின் நம்பரை வாங்கிக்கொண்டான். குழுவில் யாருக்கும் சொல்லாதே என்றான்.


மார்ச் 20, வியாழன்

வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட் போட்டேன், அதிலும் புது ஓட்டை போட வேண்டியிருக்கிறது. கோகிலாவும் நானும் விடிகாலையில் ரயிலடி வரை நடக்கிறோம். கல்யாணமான புதிதில்கூட இப்படிச் சேர்ந்து நடந்ததில்லை. நெய் வாங்க வந்த ஒரு அம்மாள் "ஏனுங்க, உங்களுக்கு உடம்பு சொகமில்லீங்களா?" என்று கேட்டார். இத்தனை மகிழ்ச்சியாக ஒரு கேள்விக்கு நான் பதில் சொன்னதே இல்லை.

ராத்திரியில் மட்டும் பயம் வருகிறது. கோகிலாவை எழுப்பிச் சொல்கிறேன். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறாள். அதுவே போதுமாக இருக்கிறது.


மார்ச் 26, புதன்

தொண்ணூற்று இரண்டு.

ஸ்கேன் அறைக்கு வெளியே கோகிலா முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன சார் பண்ணுனீங்க?"

"துப்புனனுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. ஷர்மிளா மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "போதும். தாராளமாப் போதும். தேதி குறிச்சரலாம்" என்றார் டாக்டர்.

வராந்தாவிலேயே கோகிலாவைக் கட்டிப் பிடித்துவிட்டேன். நாற்பத்தேழு வயதில், நாலு பேர் பார்க்க! அவள் முதுகில் ஒரு அடி போட்டாள், ஆனால் விலகவில்லை. மாமாவுக்குப் போன் செய்தபோது அவர் "ம்" என்று மட்டும் சொன்னார்.


ஏப்ரல் 8, செவ்வாய்

நாளைக் காலை. சாப்பிட ஒன்றும் கிடையாது என்றுவிட்டார்கள்.

பக்கத்து அறையில் அக்கா. சக்கர நாற்காலியில் என் அறைக்கு வந்தாள். நல்ல நாள் பார்த்துச் சண்டைக்கு வந்தாள்.

"பயமா இருக்குதா?"

"இருக்குது."

"எனக்கும்டா." கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். வெறும் எலும்பு. "உனக்கு எதாச்சும் ஆச்சுன்னா நான் கோகிலா மூஞ்சில எப்படி முழிப்பேன்? இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருடா சாமி."

"அக்கா, நான் நெய்யவே துப்புனவன். இனி எதுக்கும் பின்வாங்க மாட்டேன்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. நர்ஸம்மா வந்து இரண்டு பேரையும் அதட்டி, அவளைத் தள்ளிக்கொண்டு போனார். கோகிலா என் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு மேல் எழுத வேண்டாமாம், தூங்க வேண்டுமாம்.


ஏப்ரல் 12, சனி

இருக்கிறேன். வலி. கையெழுத்து இப்படித்தான் வரும். அக்காவும் இருக்கிறாளாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். புது ஈரல் வேலை செய்கிறதாம். புதுசு என்ன புதுசு, என்னுடையதுதானே.


ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். நர்ஸம்மா ஒரு பக்கம், கோகிலா ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, அக்கா அறை வரை நடந்தேன். முகமூடி, கவுன், தலைக்குக் குல்லா எல்லாம் மாட்டி, வாசலுக்கு உள்ளே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அஞ்சு நிமிஷம்தான், பேசக் கூடாது, சிரிக்கவே கூடாது என்றார்கள்.

அக்கா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மூக்கில் குழாய் இல்லை. மாமா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தாள்.

"என்னடா இப்படி எளச்சுப் போயிட்ட? கோகிலா சோறு போடறதில்லயா?"

கோகிலா அழுதுகொண்டே நாத்தனாரிடம், "போட்டாத் தின்னாத்தானுங்க நங்கியா?" என்றாள். நான் வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். அக்காவுக்குப் பேசிய களைப்பு. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி என்னைப் பார்த்தாள். குரல் சின்னப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது.

"சென்னி, பசிக்குதுடா."

மாமா குனிந்து, "என்ன சாமி சொன்ன?" என்றார்.

"பசிக்குதுங்க. நெசமாலுமே பசிக்குது. எதாச்சும் இருக்குதா?"

மாமா நர்ஸைத் தேடி வெளியே ஓடினார். எழுபது வயது மனிதர், வேட்டி தடுக்க ஓடினார். நர்ஸம்மா டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, ஒரு தட்டில் இரண்டு இட்லி கொண்டுவந்தார். கோகிலா பிட்டுப் பிட்டு ஊட்டினாள். அக்கா மென்று மென்று மெதுவாகச் சாப்பிட்டாள், நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அஞ்சு நிமிஷம் எப்போதோ ஆகிவிட்டது, யாரும் என்னை எழுப்பவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அக்கா இன்னொரு இட்லி கேட்டாள்.